எஸ்கம் ஊர்ச் சிற்றாலயம்

இங்கிலாந்தின் வடபகுதியாகிய டர்ஹம் நாட்டில், வியர் ஆற்றங்கரையில், எஸ்கம் என்றொரு சிற்றூர் உளது. அவ்வூரில் அரசர் அரண்மனையும் இல்லை. பெரும்போர் நிகழ்ந்த களமும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூற்றைம்பது ஆண்டுகளாக அங்கே நின்று வருகின்ற சிறிய கல் ஆலயம் ஒன்றன் பொருட்டு, ஆங்கிலக் கட்டடக் கலையைப் பற்றி எழுதுவோர் அவ்வூரைக் கூறாமல் விடுவது அரிது. யாம் அவ்வாலயத்தை நேரிற் கண்டிலேம். படங்களையும் அளவு வரைபடங்களையும் கொண்டே அறிந்தோம். அங்ஙனம் அறிந்ததை வைத்துக் கருத்துரைக்கப் புகுவது பிழையெனின் அப்பிழையை ஏற்றுக்கொள்கின்றோம்.

எமக்கு இதில் ஒரு சொந்த வழக்கும் உண்டு. எம் ஊர்ச் சபையார் தம் பழைய ஆலயத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் பெரியதொரு கான்கிரீட் ஆலயம் எழுப்ப எண்ணியிருக்கின்றனர். சென்ற கோடை விடுமுறையில் நடந்த சபைக் கூட்டத்தில் யாம் எழுந்து மறுத்துரைத்தோம். அப்பொழுது பெரியவர் ஒருவர், "தம்பி, நீ தமிழ் ஆனர்ஸ் படிக்கிறவனாயிற்றே! பழையது போய்ப் புதியது வருவதைப் பற்றி நன்னூலிலேயே சொல்லியிருக்கிறதே, படித்ததில்லையா?" என்று வினவினார். கூடியிருந்தோர் நகைத்தனர், யாம் அமர்ந்துவிட்டோம். பவணந்தி முனிவர் அச்சூத்திரத்தைச் சொற்களின் வழக்கைக் குறித்துச் செய்தாரேயன்றிச் சுவர்களைக் குறித்துச் செய்திலர். இவ்விடை எமக்கு அன்றிரவு பாயிற் படுத்த பின்னரே தோன்றியது. அன்று கூறத் தவறியவற்றை எஸ்கம் ஆலயத்தை முன்னிட்டு ஈண்டுக் கூறுகின்றோம்.

முதலில் ஆலயத்தின் அமைப்பைக் காண்போம். அது இரண்டே பகுதிகளால் ஆயது. சபையார் கூடும் கூடம் ஒன்று; அதன் கீழ்ப்பால் பலிபீடம் அமைந்த சிற்றறை ஒன்று. கூடத்தின் நீளம் சற்றேறக்குறைய 43 அடி. அகலம் 14 அடிக்குச் சிறிது மிகுதி. நீளம் அகலத்தைப் போல மும்மடங்கு என்பது காண்க. பீடவறையோ பத்தடிச் சதுரம். இத்துணைச் சிறிய கூடத்திற்குச் சுவர்களின் உயரம் இருபதடிக்கு மேற்படும். உள்ளே நுழைவார்க்கு முதலிற் புலனாவது இவ்வுயரமே என்று கண்டோர் எழுதுகின்றனர். நீண்டு, ஒடுங்கி, ஓங்கி நிற்கும் இவ்வடிவம் ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்திற் கட்டப்பெற்ற ஆலயங்களுக்கு உரிய வடிவமாகும்.

சாளரங்களை நோக்குவாம். ஆதியில் அமைந்தவை மிகச் சிறியன. சுவரின் மேற்பகுதியில் உயரத்தே உள்ளன. வடசுவரில் உள்ளவற்றின் தலை சமமாக ஒரே கல்லால் மூடப்பட்டுளது. தென்சுவரில் உள்ளவற்றின் தலை வளைவாகக் குடையப்பட்டுளது. வெளியே குறுகியும் உள்ளே அகன்றும் இருத்தலின், புகும் சிறிதளவு ஒளியும் உள்ளே பரந்து விழும். வாடைக்காற்றுக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுடைய சாளரம் அங்ஙனமே இருத்தல் வேண்டும். நம் நாட்டில் வெயிலுக்கு அஞ்சிச் சிறு சாளரம் வைத்தோம். அவர்கள் குளிருக்கு அஞ்சி வைத்தனர்.

கூடத்திற்கும் பீடவறைக்கும் இடையே ஒரு வளைவு வாயில் உண்டு. அகலம் ஐந்தடி அளவே. உயரமோ அதன் இருமடங்கிற்கு மேற்பட்டது. நிலைகளின் கற்கள் ஒன்று நெட்டுக்குத்தாக நிற்க, அதன்மேல் ஒன்று படுக்கையாகக் கிடக்க, மீண்டும் ஒன்று நிற்க, இங்ஙனம் மாறி மாறி அடுக்கப்பட்டுள. மேலே வளைவின் கற்கள் ஒன்றோடொன்று இழைத்தாற்போற் பொருந்தியுள்ளன. இவ்வளவு நேர்த்தி அக்காலத்துச் சிற்றூர்க் கொத்தரிடம் எங்ஙனம் வந்தது என்று வினவின், அதற்கு விடை ஆற்றின் வழியே சிறிது தொலைவிற் கிடைக்கின்றது.

எஸ்கத்திற்கு அண்மையில் பின்செஸ்டர் என்னும் இடத்தில் உரோமருடைய கோட்டை ஒன்று இருந்தது. வினோவியா என்பது அதன் பழம்பெயர். கி.பி. 410-ஆம் ஆண்டையொட்டி உரோம ஆட்சி பிரித்தானியாவில் ஒழிந்தது. அதன்பின் அக்கோட்டை ஆள்வாரின்றிச் சிதைந்தது. அதன் கற்களே எஸ்கம் ஆலயத்தின் சுவர்களாயின. உரோமக் கொத்தர் உளியாற் கீறிய சாய்சதுரக் கோடுகள் பல கற்களில் இன்றும் தெரிகின்றன. மேற்குறித்த வளைவும் உரோமர் கட்டடம் ஒன்றிலிருந்து கல் கல்லாகக் கழற்றிக் கொணர்ந்து மீளக் கூட்டியதே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

வடசுவரில் ஒரு கல் உண்டு. அதில் ஆறாம் படையணி என்னும் பொருள்படும் இலத்தீன் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள. அவ்வணி யார்க் நகரத்தில் நிலைப்படையாக இருந்தது. அக்கல் தலைகீழாக வைத்துக் கட்டப்பட்டிருக்கின்றது. உரோமருடைய செருக்கும் அவர்தம் தேவதைகளும் வீழ்ந்தமைக்கு அடையாளமாகவே அங்ஙனம் வைத்தனர் என்று சிலர் பொருள் விரிப்பர். அவ்வுரை எமக்கு உடன்பாடன்று. கொத்தன் நோக்கியது கல் நன்றாகப் படிந்து உட்காருமா என்பதையே; எழுத்தையன்று. அவனுக்கு எழுத்துத் தெரியாமலும் இருந்திருக்கலாம். உட்பொருள் காண்பது உரையாசிரியர்க்கு இயல்பு. யாமும் அத்துறையிற் பயில்கின்றவரே. எனினும் கல்லைக் கல்லாகவே விடுதல் சில இடங்களில் நன்று.

இவ்வாலயம் கட்டப்பட்ட காலம் ஏழாம் நூற்றாண்டின் பிற்பாதி, ஏறத்தாழ கி.பி. 670 முதல் 690 வரை என்பர். கட்டியவர் இன்னார் எனக் கூறும் ஏடு ஒன்றும் இல்லை. அக்காலத்தில் பெனடிக்ட் பிஸ்கப் என்னும் துறவி, 674-ஆம் ஆண்டில் மங்க்வியர்மத் என்னுமிடத்தில் மடம் ஒன்றை நிறுவி, கல்வேலை அறிந்தாரையும் கண்ணாடி செய்வாரையும் கால் நாட்டினின்றும் வருவித்தார். அதன் துணைமடமாகிய ஜாரோவின் ஆலயப் பிரதிட்டைக் கல் 685-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாளைக் குறித்து இன்றும் உளது. அம்மடத்தில் வாழ்ந்த பீட் என்னும் பெரியார் தம் நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை விரிவாக எழுதினார்; எஸ்கத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதிலர். ஆனால் நிகழ்ந்தது யாது? பீட் போற்றிய அவ்விரு மடங்களின் பழைய ஆலயங்களிற் சில பகுதிகளே எஞ்சியுள்ளன. அவர் பெயர் கூறாத எஸ்கம் ஆலயம் ஏறக்குறைய முழு வடிவோடு நிற்கின்றது.

தென்சுவரின் உயரத்தே ஒரு வெயிற்கடிகாரம் பதிக்கப்பட்டுளது. அரைவட்டமான கல், அதில் மூன்றே கோடுகள், சூழப் பாம்பு போன்ற ஓர் உருவம் வளைந்து கிடக்கின்றது. மணியும் நிமிடமும் காட்டுதற்கன்று, வழிபாட்டு வேளைகளைக் காட்டுதற்கே அது அமைந்தது. இங்கிலாந்தில் தான் முதலில் வைக்கப்பட்ட இடத்திலேயே இன்றும் இருக்கும் வெயிற்கடிகாரங்களுள் அது மிகப் பழையது என்று கூறப்படுகின்றது.

எஸ்கம் என்னும் ஊர்ப்பெயர் ஏட்டில் முதன்முதல் தோன்றுவது கி.பி. 990-ஆம் ஆண்டையொட்டியே. ஆல்டூன் என்னும் அத்தியட்சர் திருச்சபைக்குரிய ஊர்கள் சிலவற்றைப் பிரபுக்கள் கையில் விட்ட செய்தியில் அது வருகின்றது. அதாவது ஆலயம் கட்டி முந்நூறாண்டு கழிந்த பின்னரே! அவ்வத்தியட்சரே டர்ஹம் நகரத்தில் பெரியதொரு வெண்ணிற ஆலயம் எடுப்பித்து, 998-ஆம் ஆண்டில் அதைப் பிரதிட்டை செய்தார். நூறாண்டு நிறையுமுன் நார்மானியர் வந்தனர். அவ்வாலயம் அவர்களுக்குச் சிறிதாகத் தோன்றியது. அதைத் தகர்த்துவிட்டு 1093-ஆம் ஆண்டில் இப்பொழுதுள்ள பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். அப்பேராலயத்தின் பெருமையை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆல்டூன் கட்டிய வெண்கோயில் எத்தகையது என்று இன்று எவராலும் காட்ட முடியாது. செல்வம் நிறைந்த இடத்திற் பழையது இடிந்தது. எளியோர் ஊராகிய எஸ்கத்தில் பழையது நின்றது. பிற்காலத்தார் அதை அறவே தொடாமல் விட்டனர் என்றும் எண்ணற்க. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வளைவின் உட்புறத்தே கொடிக்கோலம் தீட்டினர். அதன் சிதைவு இன்னும் உளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், இருள் மிகுதி என்று கண்டார்கள் போலும், நுனி கூர்ந்த நெடுஞ்சாளரங்கள் சிலவற்றைத் திறந்தனர். தென்வாயிலில் ஒரு முகப்பு மண்டபம் சேர்த்தனர். தமக்கு வேண்டியதைச் செய்துகொண்டனர், எஞ்சியதை விட்டுவைத்தனர். இடித்துக் கட்டப் பொருளின்மையும் அதற்குக் காரணமாகலாம். வறுமைக்கும் ஒரு காவல் தொழில் உண்டென்று எமக்குத் தோன்றுகின்றது.

அக்காவல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீங்கியது. டர்ஹம் நாடு முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. எஸ்கத்திற்கு அண்டையிலுள்ள விட்டன் பார்க்கில் 1846-ஆம் ஆண்டில் இரும்பாலை தொடங்கிற்று. குடிகள் பெருகினர். அறுநூறு சதுர அடிக்குச் சிறிது மிக்க கூடம் எத்துணைப் பேரைக் கொள்ளும்? எனவே புதிய பெரிய ஆலயம் ஒன்று கட்டி 1863-ஆம் ஆண்டில் முடித்தனர். அதன்பின் பழைய ஆலயத்தை நோக்குவார் இல்லை. மழை புகுந்தது, கூரை கெட்டது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக் காலம் போரும் கொள்ளையும் செய்யாத தீங்கைப் பன்னிரண்டாண்டுப் புறக்கணிப்பு செய்யத் தலைப்பட்டது.

ஈண்டு யாம் ஒன்று வேறுபடுத்திக் கூற விரும்புகின்றோம். பழமையைப் போற்றுவோர் பலர் 1863-ஆம் ஆண்டில் எஸ்கம் மக்கள் புதிய ஆலயம் கட்டியதையே குற்றமாகக் கூறுவர். அது நடுநிலையன்று. சுரங்கத்தினின்றும் களைத்து வந்தவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் ஆராதனையில் உட்கார இடம் வேண்டும். பழங்கற்களின் அழகைக் கூறி அவர்களை வெளியே பனியில் நிறுத்துதல் அறமாகாது. புதியது கட்டினமை குற்றமன்று. பழையதன் ஓட்டை மாற்றாமை குற்றம். அவ்வூரார் பழையதை இடிக்காமல் வேறிடத்திற் புதியதைக் கட்டினார்களே, அவ்வொரு செயலுக்கு யாம் தலைவணங்குவோம். அவர்கள் அங்ஙனம் செய்தமையாலன்றோ பின்வருவது நிகழ்ந்தது?

1875-ஆம் ஆண்டு முதல் 1880-ஆம் ஆண்டு வரை, ஆர். ஜே. ஜான்சன் என்னும் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் பழைய ஆலயம் பழுதுபார்க்கப்பட்டது. பின்செஸ்டர்க் கோட்டையை அகழ்ந்து ஆராய்ந்த ஹூப்பெல் என்னும் குருவானவர் இதன் பழமையை அக்காலத்து அறிஞர்க்கு அறிவித்தார். அது பழுதுபார்த்தல் என்னும் சொல்லே பெரும் பூசலுக்கு இடமாயிருந்த காலம். இங்கிலாந்தெங்கும் பழைய ஆலயங்களைப் 'புதுக்குகின்றோம்' என்று கூறி, பழைய காரையைச் சுரண்டியும், பின்வந்தோர் சேர்த்தவற்றைப் பெயர்த்தும், ஆதியில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாமே ஊகித்துப் புதுக்கற்களை அடுக்கியும் வந்தனர். இதைப் பொறாத வில்லியம் மாரிஸ் என்பவர் 1877-ஆம் ஆண்டில் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென ஒரு சங்கம் நிறுவினார். சுரண்டலைத் தடுத்தலே நோக்கமாதலின் அதற்குச் 'சுரண்டாதீர் சங்கம்' என்னும் பொருள்படும் செல்லப் பெயரும் வழங்கிற்று. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பேணி வந்தாற் பின்னர்ப் புதுக்க வேண்டிய நிலையே நேராது என்பது அச்சங்கத்தின் கொள்கை. இதில் யாம் மாரிஸின் கட்சியே. எஸ்கத்தின் நற்பேறு, பழுதுபார்த்தவர்கள் அதன் வடிவை மாற்றவில்லை. ஏழாம் நூற்றாண்டுச் சாளரமும் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாளரமும் ஒரே சுவரில் அருகருகே நிற்க விட்டனர்.

நம் நாட்டிலும் இவ்வறிவு இல்லாமற் போகவில்லை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தார். திருக்கோடிகாவில் அங்ஙனம் புதுக்கும்போது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச்சுவரிற் படியெடுத்து வெட்டுவித்தனர். கட்டடத்தை மாற்றிய போதும் முன்னிருந்தோர் சொல்லை மாற்றாமற் காத்தனர். இன்று பழைய ஆலயங்களை இடிப்போருள் எத்துணைப் பேர் சுவரிற் பதித்த கல்லெழுத்தையாவது படியெடுத்து வைக்கின்றனர்?

எஸ்கத்தின் வரலாற்றுக்கு மீள்வோம். 1965-ஆம் ஆண்டில் சர் ஆல்பர்ட் ரிச்சர்ட்சன் என்பவர் மேற்பார்வையில் பழைய ஆலயம் மீண்டும் செப்பனிடப்பட்டது. 1968-ஆம் ஆண்டு அகழாய்வில் மேற்சுவரை ஒட்டி முன்பு ஓர் அறை இருந்தமை தெரிந்தது. சாக்சனியர் காலத்துச் சாளரக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. இதற்கிடையே 1863-ஆம் ஆண்டின் புதிய ஆலயம் பழுதுற்று, மக்கள் நுழைவதற்கு அச்சம் தரும் நிலையை அடைந்தது. 1971-ஆம் ஆண்டில் அதை இடித்துவிட்டனர். அதன் வாழ்நாள் நூற்றெட்டு ஆண்டு. கைவிடப்பட்ட முதியதே இப்பொழுது அவ்வூர்ச் சபையின் ஒரே ஆலயம். வட்ட வடிவான கல்லறைத் தோட்டத்தின் நடுவே அது நிற்க, சுற்றிலும் இக்காலத்து எளிய குடியிருப்புக்கள் சூழ்ந்துள்ளன. காண வருவோர் திறந்து பார்ப்பதற்காக ஆலயத்தின் சாவியை அண்டை வீடொன்றின் வாயிலில் மாட்டி வைக்கும் வழக்கமும் பன்னெடுநாள் இருந்ததாம். இச்செய்தியைப் படித்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி வளைவின் அளவுகளைப் படித்தபோதும் உண்டாகவில்லை. எம் ஊரிலும் ஆலயச் சாவி உபதேசியார் வீட்டு நிலையில் ஆணியிலே தொங்குவதாகும்.

எம் ஊர் ஆலயம் ஏழாம் நூற்றாண்டினதன்று. தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், பனையேறிகளாகிய எம் முன்னோர் தம் கையாற் கட்டியது. கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை, பனங்கைக் கூரை, மேலே நாட்டோடு. கருப்பட்டி வீட்டுக்கு இத்துணையென அளந்து கொடுத்தார்களென்று எம் பாட்டனார் கூறுவர். மேற்சுவரில் இப்பொழுது ஒரு வெடிப்பு உண்டு. அவ்வெடிப்பையே காட்டி, ஆலயம் நாளையே விழும் என்கின்றனர். இரண்டு பனங்கைகள் செல்லரித்தமையால் ஓடு தாழ்ந்து மழைநீர் சுவரில் இறங்குகின்றது. வெடிப்புக்குக் காரணம் அதுவே என்று ஊர்க் கொத்தனாரே எம்மிடம் கூறினார். பனங்கை மாற்றுவதற்கு ஆகும் பொருள் ஓராண்டு அசனப் பண்டிகையின் மிச்சத்திலும் குறைவு.

இடம் போதாது என்பது மெய். கிறிஸ்து பிறப்புப் பண்டிகையன்று பாதிச் சபையார் வேப்பமரத்தடியில் நிற்கின்றனர்; எம் அன்னையாரும் அவருள் ஒருவர். ஆதலின் புதிய ஆலயம் வேண்டாவென்று யாம் வாதிக்கவில்லை. பழைய பள்ளிக்கூடம் இருந்த மனை, சபைக்கு உரியது, வெறிதே கிடக்கின்றது. அங்கே எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் கட்டுக. பழையதை வாரநாட்களின் மாலை ஜெபத்திற்கும் ஓய்வுநாட் பள்ளிக்கும் வைத்துக்கொள்க. "இரண்டு ஆலயத்திற்கும் எவன் வெள்ளையடிப்பது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அது நேர்மையான வினா. வாலிபர் சங்கத்தார் ஆண்டுதோறும் செய்வதென எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க இசைந்திருக்கின்றோம். இதுவரை பதினொருவர் கையொப்பமிட்டுள்ளனர்.

கடந்த விடுமுறையில் நண்பர் இருவரோடு நாடாப் பிடித்து ஆலயத்தை அளந்தோம். நீளம் 52 அடி. அகலம் 21 அடி. சுவரின் கனம் இரண்டரை அடி. வாயிற்படிக்கல்லின் நடுவே கால்பட்டுக் குழிந்த ஆழத்தையும் அளந்து வரைபடத்திற் குறித்தோம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டம் மீண்டும் கூடுகின்றது. அவ்வரைபடத்தையும் எஸ்கம் ஆலயத்தின் படம் ஒன்றையும் எடுத்துச் செல்லுவோம். நன்னூல் வினாவுக்கும் இம்முறை விடை ஆயத்தமாக உள்ளது.